இருநூறு சதவீதம்

இதைப் படித்துவிட்டு "நல்லா கதை விடுறான்" என்று சொல்ல நினைப்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். நானும் எனக்கே அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இரண்டு வருடத்தை ஓட்டினேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையின் பதிவு இன்னும் என் கணினியில் இருக்கிறது, மணி நிமிடத்தோடு. பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று நம்புகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது நடந்தது பட்டப்பகலில். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் அட்டவணை போடுகிறவன். யார், எந்த வேலையை, எந்த நாளில் செய்ய வேண்டும் என்று ஒரு மென்பொருளில் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். அதுதான் நூறு சதவீதம். அதற்கு மேல் ஏற்றினால் அந்த ஆளின் பெயர் சிவப்பாகிவிடும். உடனே வேறு ஆளைப் போட வேண்டும், இல்லையென்றால் ஒரு வேலையைத் தள்ளி வைக்க வேண்டும்.

லிஃப்ட் சோதிக்க எங்களிடம் இருந்தது ஒரே ஓர் ஆள். லிஃப்ட் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நல்ல மனிதர். ஆனால் கை முழுக்க எப்போதும் கிரீஸ், தோளில் தட்டிக் கொடுத்தார் என்றால் நம் சட்டை அம்பேல். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தலையில் இரண்டு வேலை விழுந்தது. நகரத்தின் இந்தக் கோடியில் ஒரு மருத்துவமனை லிஃப்ட், அந்தக் கோடியில் ஒரு பள்ளிக்கூட லிஃப்ட். இரண்டுக்கும் காலை எட்டு மணி. இரண்டு கட்டடங்களையும் திங்கட்கிழமை ஒப்படைத்தாக வேண்டும். திரையில் அவர் பெயர் சிவப்பாக நின்றது. ஒன்றைத் தள்ளி வைத்தால் மேலாளர் என்னைப் பிழிந்து காயப்போட்டுவிடுவார்.

அதனால் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஒரு தடவையாவது செய்திருப்பார்கள். அவர் பெயருக்கு நேரே இருந்த 100-ஐ அழித்துவிட்டு 200 என்று போட்டேன். அதாவது, அவரைப் போல இன்னொருவரும் இருக்கிறார் என்று மென்பொருளை நம்பவைத்தேன். சிவப்பு போய்விட்டது. நானும் நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை மாலை அவரே போன் செய்தார்.

"தம்பி, ரெண்டு இடத்துலயும் எட்டு மணின்னு போட்டிருக்கியே. பதினோரு நாளா லீவே இல்ல. உடம்பு என்னமோ பண்ணுது."

"எப்படியாவது சமாளிங்கண்ணே. திங்கக்கிழமைக்கு அப்புறம் நல்லா தூங்கலாம்."

 "சரி... ரெண்டையும் முடிச்சிடறேன்" என்றார்.

ஞாயிறு மதியம் 2.50. ஒப்படைப்புக் காகிதங்களைத் தயார் செய்ய நான் மட்டும் அலுவலகம் வந்திருந்தேன். உட்காரவே முடியவில்லை. எழுந்தேன், நடந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். காரணம்தான் தெரியவில்லை.

திரையைப் பார்த்தேன். வேலை செய்கிறவர்கள் எவ்வளவு முடித்தார்கள் என்பதை அவரவர் போனிலிருந்தே பதிவார்கள். மருத்துவமனை லிஃப்ட்: தொடக்கம் 8.00, முடிந்தது 78 சதவீதம். பள்ளிக்கூட லிஃப்ட்: தொடக்கம் 8.00, முடிந்தது 78 சதவீதம். பதிந்தவர்: லிஃப்ட் அண்ணன்.

'பலே ஆளுதான், யாரையோ துணைக்கு வச்சிருக்கார்' என்று சிரித்துக்கொண்டே அவர் எண்ணுக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

போன் என் காதில் இருக்கும்போதே 78 என்பது 79 ஆனது.

இரண்டிலும்.

மணி 3.06. மேசைத் தொலைபேசியில் மருத்துவமனை மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன்.

"இருக்காரே சார். எட்டு மணிக்கே வந்துட்டாரு. மேல மெஷின் ரூம்ல இருக்காரு."

இணைப்பைத் துண்டிக்காமல், கைபேசியில் பள்ளிக்கூட மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன்.

"இங்கதான் சார் இருக்காரு. காலைலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறாரு."

 போனை அவர் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னேன், இரண்டு பேரிடமும். இரண்டு போனையும் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

டங்... டங்... டங்...

சுத்தியல் சத்தம். இரண்டு போனிலும், ஒரே நொடியில்.

நின்றது. ஒரு பெருமூச்சு. இரண்டு போனிலும்.

"தம்பி..."

ஒரே குரல். இரண்டு போனிலும்.

"நூறாக்கிடு தம்பி... முடியல..."

200-ன் மேல் சுட்டியைக் கொண்டுபோனேன். ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஆனால் மாற்றினால் சிவப்பு வரும். ஒரு வேலை தள்ளிப் போகும். நாளைக்கு என் தலை உருளும்.

மணி 3.10. திரையில் 82.

"இன்னும் பதினெட்டுதான்ணே... முடிச்சிடுங்க" என்றேன்.

ஆமாம். அதைச் சொன்னவன் நான்தான்.



டங்... டங்...

இரண்டு போனையும் துண்டித்தேன். ஆனாலும் இருப்புக்கொள்ளாமல் திரை முன்னாலேயே குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன்.

90...

97...

4.42. இரண்டும் நூறு.

திங்கட்கிழமை காலை இரண்டு லிஃப்ட்டும் வழுக்கிக்கொண்டு ஓடின. ஒப்படைப்பு முடிந்தது. மேலாளர் எனக்குக் கை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அணைத்தே வைத்திருக்கும் தன் போனை அப்போதுதான் திறந்தார். லிஃப்ட் அண்ணன் வீட்டிலிருந்து பதினான்கு அழைப்புகள் வந்திருந்தன.

ஞாயிறு விடியற்காலை 5.40-க்கு, வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்து, அங்கேயே உயிர் போய்விட்டதாம். போன் அவர் பையிலேயே அணைந்து கிடந்திருக்கிறது.

மேற்பார்வையாளர்கள் இரண்டு பேரும் இன்றுவரை தாங்கள் பார்த்ததை மாற்றிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் எவருக்கும் நூறைத் தாண்டிப் போட்டதில்லை. மேலாளர் கத்தினால் கத்தட்டும் என்று விட்டுவிடுவேன். ஆனால் 3.10-க்கு நான் சொன்னதைத் திருப்பி எடுக்க முடியவில்லையே!

அந்தத் திங்கட்கிழமை மாலை நான் போனபோது, லிஃப்ட் அண்ணனின் மனைவி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அழவில்லை. தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நேத்து மதியம் குளிப்பாட்டினோம் தம்பி. உடம்பெல்லாம் சுத்தமாயிடுச்சு. கை மட்டும்... துடைக்கத் துடைக்க கிரீஸ் வந்துக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு கையிலயும். சோப்பு போட்டுப் பாத்தோம், மண்ணெண்ணெய் போட்டுப் பாத்தோம்... நிக்கவே இல்ல. அப்புறம் தானா நின்னுடுச்சு. நான் மணி பாத்தேன். நாலு நாப்பத்திரண்டு."