பதினாலு பூ

ஒன்பது வயதில் எனக்கு எல்லாம் தெரியும். இதை நானாகச் சொல்லவில்லை, எங்கள் தெருவே சொன்னது. 'இவளுக்குத் தெரியாதது ஒன்னு உண்டா?' என்று கேட்பார்கள். அதைப் பாராட்டு என்று நினைத்து நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அப்படித் திரிந்த ஒரு வருஷத்தில்தான் அம்மாவும் நானும் பாசிமணி கோக்கக் கற்றுக்கொண்டோம்.

அந்தத் தை மாதம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லி, சேலத்து ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அத்தைதான் துணைக்குப் போவாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, அடுத்த தெருவில் இருந்தாள். விடிய எழுந்து திருச்செங்கோடு வந்து சேலம் பஸ் ஏறினால் மறுநாள்தான் இருவரும் திரும்புவார்கள். மருந்து ஏற ஏற அம்மாவின் விரல் நுனிகள் மரத்துப்போயின. டம்ளரின் சூடுகூடத் தெரியவில்லை. ரவிக்கைக் கொக்கியை நான்தான் மாட்டிவிட வேண்டும். விரலுக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்லி அங்கே ஒரு நர்ஸ் யோசனை சொல்லியிருக்கிறார். பூக் கட்டிப் பார்த்தாள், நார் நழுவியது. வெண்டைக்காய் நறுக்கிப் பார்த்தாள், விரலையும் சேர்த்து நறுக்கினாள். அதற்குப் பிறகுதான் பாசிக்கு வந்தோம்.

கற்றுத்தர ஆள் இல்லை. அத்தையின் கைபேசியில் வீடியோ தேடினோம். எங்களுக்குப் பிடித்த மாடல் ஒன்றே ஒன்றுதான்: நடுவில் ஒரு மஞ்சள் மணி, சுற்றிலும் எட்டு வெள்ளை மணி, ஒரு பூ. அந்தப் பூவை அடுத்த பூவோடு கோத்துக்கொண்டே போனால் கைச்சங்கிலி. ஆனால் அந்த வீடியோவில் பேசிய பெண் இந்தியில் பேசினாள். முகமும் தெரியாது, சாயம் பூசிய பத்து விரல் மட்டும் படபடவென்று ஓடும்.

எங்கள் வீட்டில் இந்தி தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அவரோ ரிக் லாரியோடு மத்தியப் பிரதேசத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொண்டிருந்தார். அதனால் என்ன? அத்தையின் கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு, அம்மாவின் பட்டன் போனில் அப்பாவைக் கூப்பிட்டு, இரண்டையும் தலையணையில் அக்கம்பக்கமாகப் படுக்க வைத்தோம். அப்பா கேட்டுக் கேட்டுத் தமிழில் சொல்ல வேண்டும். அப்பாவின் இந்தி குழி தோண்டுகிற இந்தி. இறக்கு, ஏத்து, நிறுத்து, தண்ணி வந்துருச்சு, இவ்வளவுதான் அதில் உண்டு.

"பைப்ப எறக்கற மாதிரி ஊசிய எறக்கச் சொல்றா," என்பார். "இப்ப எட்டாவது மணிய... இரு இரு. அட கெரகமே, இந்தப் புள்ள எதுக்கு இந்த ஓட்டம் ஓடுது?"

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "ஏனுங்க, தண்ணி வந்தாச் சொல்லுங்க," என்பாள்.

மூன்று நாளில் எனக்குப் பூ வந்துவிட்டது. அம்மாவுக்கு மாசி மாதம் முழுக்கத் தேவைப்பட்டது. மணி கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்பதே அவளுக்குத் தெரியாது, பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அவள் ஒரு பூ போட்டால் நான் நாலு பூ போடுவேன், கூடவே குறையும் சொல்வேன். அப்படிச் சேர்ந்து போட்ட முதல் சங்கிலியை அம்மாவின் கையில் சுற்றிப் பார்த்துக் கொக்கி வைத்தோம். பதினாலு பூ. ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக, கச்சிதமாக நின்றது. அம்மா அதைக் கையைவிட்டுக் கழற்றவே இல்லை.

பங்குனியில் ஒருநாள் பாத்திரம் கழுவும்போது அது தானாகக் கழன்று தொட்டிக்குள் விழுந்தது.

"நூலு நீண்டிருச்சாட்ட இருக்குது சாமி," என்றாள் அம்மா. "தண்ணி பட்டா இந்த நரம்பு நீளும்போல."

நைலான் நூலைத்தான் எங்கள் பக்கம் நரம்பு என்போம். முடிச்சை அவிழ்த்து, ஓரத்தில் ஒரு பூவைக் கழித்து, மறுபடி கொக்கியைக் கட்டினேன். பதிமூன்று பூ. கழித்த ஒன்பது மணியையும் காலி மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு வைத்தேன், நான் எதையும் வீணாக்க மாட்டேன். அடுத்த தடவை சேலம் போய் வந்த பிறகு அதுவும் நழுவியது. பன்னிரண்டு பூ. எனக்கு வந்ததே கோபம்! நரம்பு விற்ற ஃபேன்சி ஸ்டோர்க்கார அக்காள் எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை அத்தை மருந்துக்கடை வரிசையில் நின்ற நேரம் பார்த்து, திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அந்தக் கடைக்குள் நுழைந்தேன். கடை நிறையப் பெண்கள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகக் கேட்டேன்.

"ஏனுங்க அக்கா, நீங்க பண்றது ஞாயமாங்க? நீங்க குடுத்த நரம்பு நீளுது!"

அந்த அக்காள் அதே நரம்பை ஒரு முழம் உருவி, இரண்டு கையிலும் சுற்றி இழுத்துக் காட்டினாள். "இது நீளாது கண்ணு. ஆளே தொங்குனாலும் நீளாது."

"பின்ன எப்படிங்க எங்கம்மா கைக்கு ரெண்டு பூ மிச்சமாச்சு?"

"அம்மாளுக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் செரியில்லீங்களா?" திடீரென்று எனக்கு 'ங்க' போட்டாள்.

"ஆமாங்க, சேலத்துல மருந்து ஏத்தறாங்க. அதுக்கும் நரம்புக்கும் என்னங்க?"

அவள் உள்ளே போய் வேறொரு சுருளை எடுத்து வந்து என் கையில் வைத்து, விரல்களையும் மூடிவிட்டாள். "நாந்தான் மாத்திக் குடுத்துட்டேன் கண்ணு. இது நல்ல நரம்பு. அம்மாகிட்டக் குடு." நான் ஜெயித்துவிட்டேன். தப்பை ஒத்துக்கொள்ள வைத்துவிட்டேன் என்று அத்தையிடம் பஸ் முழுக்கப் பெருமை பேசிக்கொண்டு வந்தேன். அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நல்ல நரம்பும் நீண்டது. சித்திரை முடிவதற்குள் பதினோரு பூவாகிவிட்டது. அன்று அப்பா போனில் வந்தபோது, அம்மாவுக்கு முன்னால் நான் பிடுங்கிக்கொண்டேன்.

"அப்பா, இந்த ஊரு நரம்பு ஒன்னுமே செரியில்லீங்க. அங்க நல்லதாக் கெடச்சா வாங்கிட்டு வாங்க."

"ஏஞ் சாமி?"

"அம்மா கையில நிக்கறதே இல்லீங்க. மூணு பூ எடுத்தாச்சு."

பின்னால் ரிக் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "மூணு பூன்னா எவ்வளவு இருக்குங் கண்ணு?"

விரலை வைத்து அளந்தேன். "என்ற வெரலுக்கு மூணு வெரல் அகலம் இருக்குங்கப்பா."

 போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார் அப்பா. "அது சின்னப்புள்ள, என்னமோ ஒளறுது," என்று சிரித்துக்கொண்டே தொடங்கினாள் அம்மா. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ம்... ம்..." என்று மட்டும் சொன்னாள்.

ஐந்தாம் நாள் அப்பா வந்து நின்றார். வெயில் காலத்தில் ரிக் ஆள் ஊர் திரும்ப மாட்டான், அப்போதுதானே கிணறு வற்றும்? நடுவில் திரும்பினால், வண்டி கவிழ்ந்ததா, கை கால் போனதா என்றுதான் எங்கள் ஊரில் கேட்பார்கள். அப்பாவையும் கேட்டார்கள். அவர் நேராக உள்ளே வந்து, கட்டிலில் இருந்த அம்மாவின் மணிக்கட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வளைத்துப் பிடித்தார். விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. கையை விட்டுவிட்டு வாசலுக்குப் போய், செருப்பைத் தேடுகிறவர்போல வெகுநேரம் குனிந்து நின்றார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது. எனக்கோ வேறு வருத்தம். அத்தனை தூரத்திலிருந்து வந்தவர் நரம்பு வாங்கி வரவில்லை.

அதற்குப் பிறகு அப்பா திரும்பிப் போகவே இல்லை. சேலத்துக்கும் யாரும் போகவில்லை. இனிமேல் ஊசி கிடையாது, பஸ் கிடையாது, அப்பாவும் வீட்டோடு இருக்கிறார் என்றால் அம்மாவுக்குக் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

ஆனி மாதத்தில் அம்மா படுத்தபடியே இன்னொரு சங்கிலி தொடங்கினாள். இந்தத் தடவை மயில் நீலமும் மஞ்சளும். என் பாவாடையின் நிறம் அது, எனக்கு உயிரான நிறம். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில்தான் கோப்பாள். ஒரு பூவுக்கு ஒரு நாள், சில பூவுக்கு இரண்டு நாள். பாயில் உருண்ட மணிகளை அப்பா பொறுக்கி ஊசி முனையில் வைக்க, அம்மா இழுத்துவிடுவாளாம். நான் வீடு வந்ததும் தலையணைக்கு அடியில் ஒளித்துவிடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது முடிந்திருந்தது. அம்மா உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கியதும் முதல் வேலையாக எண்ணினேன். பதினாலு பூ! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை தடவை கழித்தும் இந்த அம்மாவுக்குப் புத்தி வரவில்லையே. அவள் கையில் மாட்டிக் காட்டினேன். அது முழங்கை வரை தாராளமாக ஏறி, கையைத் தாழ்த்தியதும் கழன்று பாயில் விழுந்தது.

"பாத்தயா? பதினாலு எப்படிம்மா நிக்கும்? பதினொன்னுதான் உன்ற அளவு. எத்தன தடவ சொல்றது?"

"சாமி, அது வந்து..." என்று அப்பா வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அப்பா நிறுத்திவிட்டார்.

"நீ சொன்னாச் செரிதான் சாமி," என்றாள் அம்மா. தலைமாட்டில் இருந்த கத்தரிக்கோலை அவளே எடுத்துக் கொடுத்தாள். கையையும் நீட்டிக்கொண்டு, நான் மூன்று பூவைக் கத்தரித்து, முடிச்சுப் போட்டு, கொக்கி மாட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். உதிர்ந்த இருபத்தேழு மணியை அப்பா ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் மாத்திரை டப்பாவில் போட்டார்.

ஆடி பிறந்து எட்டாம் நாள் அம்மா போய்விட்டாள். அத்தைதான் அந்த நீலச் சங்கிலியைக் கழற்றி, அவ்வளவு கூட்டத்திலும் என்னைத் தேடி வந்து கையில் கொடுத்தாள். அதை டப்பாவோடு சேர்த்துத் துணிப்பெட்டியின் அடியில் வைத்தேன். அம்மாவுடையது என்பதால் நான் போட்டுப் பார்த்ததே இல்லை.

போன மாதம் எனக்கு உப்புச்சக்கரை மாற்றினார்கள். நிச்சயத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அன்று அம்மாவின் ஞாபகமாக ஒன்று உடம்பில் இருக்கட்டும் என்று அந்தச் சங்கிலியை எடுத்தேன். எவ்வளவு இழுத்தும் கொக்கி வளையத்தைத் தொடவில்லை. என் அறை வாசலில் நின்றிருந்த அப்பா, "மூணு பூ பத்தாது," என்றார். வெகுநாளாக அந்த வார்த்தையைத் தயாராக வைத்திருந்தவர்போலச் சொன்னார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அது உனக்குன்னு போட்டது கண்ணு. 'புள்ளைக்கு என்ற கைவாகுதான், பெருசானா பதினாலு பூ செரியா நிக்கும்'னு சொல்லிச் சொல்லிப் போட்டா."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்கப்பா?" என்றேன்.

"சொல்லத்தான் வந்தேன். சொன்னா, நீ பெருசாகறப்ப அவ இருக்க மாட்டான்னும் சேத்துச் சொல்லோணுமில்ல சாமி. வேண்டாம்னு பாத்தா."

டப்பாவில் பழைய வெள்ளை மணிகளோடு அந்த நீலமும் மஞ்சளுமான இருபத்தேழு மணியும் அப்படியே இருக்கின்றன. மூன்று பூ, எனக்குக் கால் மணி நேர வேலை. இன்னும் கோக்கவில்லை. ஊசியை எடுத்தால் அந்த வெள்ளிக்கிழமைதான் நினைவுக்கு வருகிறது. கொக்கியை மாட்டி முடித்ததும், எல்லாம் தெரிந்த நான், அம்மாவிடம் ஒன்று சொல்லிவிட்டுத்தான் விளையாடப் போனேன். இனிமேலாவது அளவு பார்த்துப் போடம்மா என்றேன். அளவு பார்த்துத்தான் போட்டிருந்தாள்.