எலினா அத்தையும் சேத்தூர் மடைக் கட்டையும்

எங்கள் எலினா அத்தைக்கு வாய் நீளம். ராஜபாளையத்தில் பால் பாக்கெட் போடுகிறவரிலிருந்து பாதிரியார் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இல்லை. படித்தது தொல்லியல், அதிலும் தண்ணீருக்கடியில் கிடப்பதை ஆராய்கிற படிப்பு. "கடலே இல்லாத ஊருல பொறந்துட்டு ஒனக்கு இது தேவையா?" என்று தாத்தா கேட்டதற்கு, "மழையே இல்லாத ஊருல நீங்க குடைக்கடை வைக்கலையா?" என்றாளாம்.

பல வருஷம் கடலில் முங்கி, மூழ்கிய கப்பல்களையும் பழைய துறைமுகச் சுவர்களையும் அளந்தாள். ஒருமுறை காதுச் சவ்வு கிழிந்தது. இனி முங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, கடலோரச் சதுப்புகளுக்கும், பிறகு நம் பக்கத்துக் கண்மாய்ச் சேற்றுக்கும் வந்து சேர்ந்தாள். காது மந்தமானதால் திட்டும் சத்தம் மட்டும் கூடிவிட்டது.

போன கோடையில் சேத்தூர் பக்கம் ஒரு கண்மாயில் ஊரார் வயலுக்கு வண்டல் அள்ளும்போது ஆள் உயரக் கட்டை ஒன்று தலைகாட்டியது. அந்தக் காலத்து மடையில் தண்ணீரை அடைத்த கட்டை. அத்தை அதை ஈரச் சாக்கால் மூடி, "யாரும் தொடக் கூடாது" என்று அதட்டிவிட்டு, அதை எடுத்து ஆராய அனுமதி வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். ஊர் கொதித்தது. இந்தக் கட்டையைக் காட்டியே கண்மாய்க்கு வேலி போட்டுவிடுவாள், வண்டல் போச்சு என்று பேச்சு.

திரும்பி வந்து பார்த்தால், கட்டையைக் கழுவிக் கரைமேல் நட்டு, மஞ்சள் பூசி மாலை போட்டிருந்தார்கள். மடை காக்கும் கருப்பசாமி வெளியே வந்துவிட்டாராம். உச்சி வெயில். காலகாலமாய்ச் சேற்றில் ஊறிய மரம். காய்ந்தால் சுருங்கி வெடித்துத் தூளாகிவிடும்.

"அண்ணாச்சி, வெயில்ல வச்சா பொடிஞ்சிரும். தண்ணிக்குள்ள போடுங்க!"

"எங்க சாமிய சேத்துல போடச் சொல்லுதியா?" என்றார் ஊர்ப் பெரியவர் ஆண்டிச்சாமி. "வேலி போட வந்தவ பேச்ச நாங்க கேக்கணுமோ?"

"கரையில நிக்காதம்மா" என்றாள் கருத்தம்மாள். "சேத்துல எறங்கு. அதான ஒனக்கு வீடு!"

எல்லாரும் சிரித்தார்கள். கட்டையில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. அத்தை அதைப் பார்த்தாள். கெஞ்சினால் இவர்கள் அசையமாட்டார்கள். இடுப்பில் கை வைத்தாள்.

"சரி. பொறவால வண்டி வருது. சென்னைக்குக் கொண்டுபோயி, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு, டிக்கெட் போட்டு காட்டப் போறோம்."

"சாமிய பெட்டிக்குள்ளயா?"

"கரையில நட்டுவச்சது எம்புட்டு வசதி! சேத்துக்குள்ளயே கெடந்திருந்தா யாரால எடுக்க முடியும்?"

ஆண்டிச்சாமிக்கு மீசை துடித்தது. "ஏலே மாரிச்சாமி, தூக்குலே! அவரு கெடந்த எடத்துலயே கெடக்கட்டும். எந்த வண்டி வருதுன்னு பாத்துருவோம்."

கருத்தம்மாள் சூடம் காட்ட, நாலு பேர் கட்டையைச் சேற்றில் படுக்க வைத்து, வண்டலைத் தள்ளி மிதித்தார்கள்.

"முனை தெரியுதுலே! கயிறு போட்டு இழுத்துருவேன்" என்றாள் அத்தை.

முனையையும் மூடினார்கள். போதாதென்று பக்கத்துக் கிணற்று மோட்டாரைப் போட்டுத் தண்ணீரும் விட்டார்கள்.

வண்டி என்று எதுவும் வரவில்லை. வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கிற கட்டை; ஓர் அளவுகூட எடுக்கவில்லை. பின்னால் ஊரே கூவ, அத்தை முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

இப்போது கண்மாய் பெருகிக் கிடக்கிறது. அத்தை அந்த வழியாகப் போனால் இன்றைக்கும் திட்டுகிறார்கள். அவளும் வண்டியை நிறுத்தி, நிதானமாகத் திருப்பித் திட்டிவிட்டு, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.