பட்டியலில் பூபதி

பாண்டிச்செல்விக்குச் சொந்த ஊர் தேனி. மூக்கண்டப்பள்ளியில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஓசூரில் எங்கள் கம்பெனிக்கு வந்துபோவாள். புரோகிராமைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் செய்கிறோம். புரோகிராமில் யாரும் பயன்படுத்தாத குளோபல் வேரியபிளை, அதாவது மெமரியில் ஒரு எண்ணுக்கான பெயரிட்ட இடத்தை, கம்பைலர் தூக்கிவிடும். ஆனாலும் பிழை தேடுவதற்கான டீபக் பட்டியலில் அதன் பெயர் நிற்க வேண்டும், எதிரே ‘நீக்கப்பட்டது’ என்று. அதைச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை.

சோதனை வேரியபிளுக்கு ஆளாளுக்குத் தங்கள் பெயரையே வைப்பது எங்கள் ஆபீஸ் பழக்கம். கூடாதென்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். கடைசியில் நானும் என் பெயரில் ஒன்று வைத்தேன்.

எங்களோடு இருந்த பூபதி, கெலவரப்பள்ளிக்காரன், போன மாதம் பைக் விபத்தில் இறந்துபோனான். அவன் வேரியபிளை இப்போது யாரும் தொடுவதில்லை. அப்படியும் நேற்று மத்தியானம் பட்டியலில் ‘பூபதி’க்கு எதிரே ‘நீக்கப்பட்டது’ என்பதற்குப் பதில் 41 என்று இருந்தது, செல்வியின் வேரியபிளில் இருந்த அதே எண். செல்வி தன் வேரியபிளை 42 என்று மாற்றினாள். பூபதியும் 42 ஆனான்.

“மெமரியில என் இடத்துல அவன் உக்காந்திருக்காண்ணா,” என்றாள்.

“பேயாவது பிசாசாவது! பழைய ஃபைல் ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கும். எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி பில்ட் பண்ணு,” என்று எரிந்து விழுந்தேன்.

பண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

இன்று காலை பட்டியலைத் திறந்தேன். முதல் வரியில் பூபதி, 42. அடுத்த வரியில் ‘செல்வி: நீக்கப்பட்டது’.

ஒன்பது மணிக்கே வந்துவிடுகிறவள், பத்தரை வரை வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

மூன்றாவது வரியில் என் பெயர் இருந்தது. எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் திரையை அணைத்தேன்.