அம்மன் காலடியில் நனைந்த சாவி

என் மனைவி சென்னம்மா கார் ஓட்டுகிறாள். நகரியிலிருந்து திருமலைக்கும் ரேணிகுண்டா விமான நிலையத்துக்கும் வாடகைக்கு ஓட்டுகிறாள். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஓங்கிவிடும், ஓங்கட்டுமே, பெருமைதானே. ஏழாவது வரை தெலுங்கு மீடியம், அப்புறம் பத்து வருஷம் நாற்று நடவு, அப்புறம் சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அங்கே இருக்கும்போதே வண்டி பழகி லைசென்சும் வாங்கிவிட்டாள்.

புது வண்டி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருகுகிற வண்டி இல்லை. சாவி நம்மிடம் இருந்தால் போதும்; கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும், பொத்தானை அழுத்தினால் எஞ்சின் ஓடும். அன்றைக்கே முதல் சவாரி. எங்கள் தெரு வெங்கடசாமியின் மகள் கீர்த்திக்கு ஹைதராபாத்தில் வேலை, மதியம் விமானம். அவர் அரை மனசாகத்தான் ஒப்புக்கொண்டார். இது சொதப்பினால் ஊரில் இன்னொருத்தர் சென்னம்மாவைக் கூப்பிட மாட்டார்.

வண்டியைக் கோயில் வாசலில் பூட்டிவிட்டுப் பூஜைக்கு உள்ளே போனோம். வண்டிச் சாவியை அம்மன் காலடியில் வைத்து எடுப்பது எங்கள் வழக்கம். இதற்குள் பேட்டரி இருக்கிறது, வேண்டாம் என்றாள் சென்னம்மா. நான் கேட்பேனா? அம்மனைவிடப் பேட்டரி பெரிசா என்று பிடுங்கித் தட்டில் வைத்தேன். அபிஷேகம் முடிந்து சாவி வந்தது, பாலும் மஞ்சள் தண்ணீரும் சொட்டச் சொட்ட.

கைப்பிடியைத் தொட்டாள். திறக்கவில்லை. சாவியின் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. கோயில் வாசலிலேயே வண்டி ஏற வந்த கீர்த்தி அப்பாவோடும் பெட்டியோடும் நிற்கிறாள், கூட்டம் சேர்ந்துவிட்டது. கண்ணாடியை உடைத்துவிடலாம் என்கிறான் ஒருவன். வெங்கடசாமி வேறு வண்டிக்குப் பேச போனை எடுத்தார்.

"பொம்பள கையில புது வண்டியக் குடுத்தா இப்டித்தான்," என்றார்.

நனைத்தவன் நான். வாயைத் திறந்தேனா? இல்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சாவியை முந்தானையில் துடைத்தாள். அதன் பக்கவாட்டில் எதையோ நகர்த்தி, உள்ளேயிருந்து ஒரு சின்ன இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்தாள். உடனே வண்டி ஊரைக் கூட்டுகிற மாதிரி அலற ஆரம்பித்தது. கூட்டம் பின்வாங்கியது, அவள் பதறவில்லை. உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, செத்துப்போன அந்தச் சாவியாலேயே ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினாள். அலறல் நின்றது, எஞ்சின் ஓடியது. பேட்டரி போனாலும் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் வண்டிக்குத் தன் சாவி தெரியுமாம். ஷோரூமில் நான் வண்டிமேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "சாவிய நனைச்சது நானு. அவ வேணாம்னுதான் சொன்னா," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

"நவுரு மாமா, பிளைட்டுக்கு நேரமாவுது," என்றாள் சென்னம்மா.

ஒன்றரை மணி நேரம் கழித்து வெங்கடசாமி போன் செய்தார். பெண் நேரத்துக்கு உள்ளே போய்விட்டாளாம். தீபாவளிக்கு அவள் வரும்போது எந்த வண்டி சொல்லப்போகிறீர்கள் என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"இன்னாய்யா கேள்வி இது," என்றார். "நம்ம டிரைவரம்மா இருக்கறப்ப வேற வண்டி எதுக்கு?"