இடம் மாறிய பூஸ்டர்

ஓடுகிற காரில் இன்ஜின் அணைந்துவிட்டால் பிரேக் பிடிக்குமா? எனக்குத் தெரியாது. இன்று மெக்கானிக்கிடம் கேட்டேன். அவருக்கும் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

தம்பி தன் பழைய காரில் பெரிய இன்ஜின் ஒன்றை வைத்திருக்கிறான். பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்கச் செய்யும் பூஸ்டருக்கு அங்கே இடமில்லை. மெக்கானிக் அதை முன்சக்கரத்துக்கு மேலே ஒரு மூலையில் மாட்டி, நீளமான ரப்பர் குழாயால் இன்ஜினோடு இணைத்துவிட்டார்.

"இன்ஜின் இழுக்கிற காத்துலதானே இது வேலை செய்யுது? இன்ஜின் நின்னுட்டா?" என்றேன்.

"இன்ஜின் நின்னா வண்டியும் நின்னுடும்மா. அப்புறம் இன்னாத்துக்கு பிரேக்கு?"

தம்பி சிரித்தான். "அக்காவுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான்பா. படிப்பு அப்படி."

நான் சிரிக்கவில்லை. நாளை மறுநாள் நிறைமாத மனைவியை அந்தக் காரில்தான் மதராஸுக்குப் பிரசவத்துக்கு அழைத்துப் போகிறான்.

"முதல்ல நாளைக்கு என்னை ஒரு சுத்து கூட்டிட்டுப் போ" என்று சொல்லியிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் அதற்குள் சொல்லுங்கள். மெக்கானிக்காக இல்லாவிட்டால் நல்லது.

மறுநாள் நடந்தது: சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் புறப்பாடு எதிரே வந்தது. சாமிக்கு முன்னால் சத்தம் கூடாதென்று, தம்பி வழக்கம்போல் ஓட்டத்திலேயே இன்ஜினை அணைத்தான். பிரேக் கல்லாக இருந்தது. இரண்டு காலாலும் ஏறி மிதித்தான். சாமிக்கு முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த கோயில்காரருக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

"இன்னாபா, சாமியவே இடிக்க வந்துக்கினு இருக்கியா?" என்றார் அவர்.

தம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டான். சாமிக்கா, பிரேக்குக்கா என்று நான் கேட்கவில்லை. மாலையில் அவனே போய் வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டு வந்தான்.