பின்னிறகில் இரண்டு கண்கள்

செம்பவாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில், காரிடாரில், ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. எங்கள் மாடியில் பாதிப் பேர் தாளிக்க அதிலிருந்துதான் ஒடிப்பார்கள். மீதியைப் புழு தின்னும். என் கணவருக்குப் புழுவைக் கண்டாலே ஆகாது. நான் நசுக்க விடமாட்டேன். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியாகிப் பறப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். இதற்காக நாங்கள் போட்ட சண்டை கொஞ்சமல்ல.

அவருக்குக் கப்பல் பழுதுபார்க்கும் வேலை. போன வருடம் ஆப்பிரிக்காவுக்கு, தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். போன கொஞ்ச நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. "உன் ஆளு இங்கயும் வந்துட்டான் லா" என்று எழுதியிருந்தார். கறுப்பு இறகு, மஞ்சள் திட்டுகள், வால் கிடையாது. அச்சு அசல் நம்முடையதுதான் என்று நானும் முதலில் நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அந்த ஊர்ப் பூச்சிக்குப் பின்னிறகு ஒவ்வொன்றிலும் இரண்டு கண்கள், கண் மாதிரி வட்டப் புள்ளிகள். மேல் விளிம்பில் ஒன்று, கீழே உடம்பை ஒட்டி ஒன்று. நம் ஊர்ப் பூச்சிக்குப் பளிச்சென்று தெரிவது கீழே உள்ள சிவப்புப் பொட்டுதான். எழுதி அனுப்பினேன். "ரெண்டும் ஒண்ணுதான், விடு" என்றார். அதன் பிறகு வம்புக்கென்றே படம் அனுப்புவார். எல்லாவற்றிலும் கண்கள் இருந்தன.

இந்த வருடம் எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். கூட இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தவர், நாள் நெருங்கும்போது, "லீவு கெடைக்கல, என்ன பண்றது?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனியாகப் போய்ப் படுக்கப் பயமாகவும் இருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின மதியம், பையைத் தயார் செய்துவிட்டு சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவரிடமிருந்து படம் வந்தது. "கோவம் போச்சா? இங்க வெயில் கொளுத்துது. உன் ஆளும் வந்திருக்கான்."

பதில் போடக் கூடாதென்றுதான் இருந்தேன். கை சும்மா இருந்தால்தானே! படத்தைப் பெரிதாக்கினேன். பூச்சியைத் தவிர வேறெதுவும் தெரியாதபடி நெருக்கி எடுத்திருந்தார். பின்னிறகில் கண்களைத் தேடினேன். இல்லை. கீழே சிவப்புப் பொட்டு.

காரிடாரில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்படியே பதில் போட்டேன்.

"கேட் சாவி அந்தத் தொட்டிக்கு அடியிலதான் இருக்கு. என்னால எந்திரிச்சு வர முடியாது. செடிய ஆட்டாம எடுத்துட்டு உள்ள வாங்க, புழு இருக்கு."