அப்பா தானே எடுத்துக்கொண்ட சாப்பாடு

அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை என்பதை நான் கண்டுபிடித்தது, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்த ஓர் உணவகத்தில். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்து மலையூரான தானா ராத்தாவில், ஒரு தங்கும் விடுதியின் கீழ்த்தளத்தில் அது இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் குடும்பங்களுக்கென்று நீளமான மேசைகளில் உணவைப் பரப்பி வைப்பார்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம், பள்ளி விடுமுறை. நான் மூத்த மகள், எனக்கு இருபத்திரண்டு வயது.

நான் ஈப்போவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் அளவுக் கருவிகளைப் பழுதுபார்க்கப் படித்துவிட்டு, அங்கேயே ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் கழித்து வேலை நிரந்தரமானது. அதற்காக வீட்டாரை எங்காவது அழைத்துப்போய்ச் சாப்பிட வைக்க வேண்டும் என்று நினைத்தேன். மாதத்துக்கு ஒரு முறைதான் தாப்பா வழியாகப் பேருந்து பிடித்து மலைக்கு வருவேன், ஓர் இரவு தங்குவேன். மற்றபடி வீட்டில் நடப்பவற்றை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்வேன். அந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு அவர் சொன்னவை மூன்று. அப்பாவுக்குப் பல்வலி. அப்பா ராத்திரியில் கஞ்சியே போதும் என்கிறார். அப்பா இளைத்துவிட்டார். மூன்றையும் நான் தனித்தனியாகவே கேட்டுக்கொண்டேன்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில் கொழுந்தை வாடுவதற்காகப் பரப்பும் வேலை செய்தார். அம்மா இருபது வருடம் கொழுந்தெடுத்துவிட்டு, முழங்கால் வீங்கியதால் மூன்று வருடங்களுக்கு முன் நின்றுவிட்டார். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடு தோட்டத்துக்குச் சொந்தம். காலையில் தோட்டத்துக் கணக்கரான கிராணி ஆள்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரட்டில் வீட்டில் ஒருவர் பெயராவது இருக்கும்வரைதான் வீடு எங்களுடையது. அப்போது இருந்தது அப்பாவின் பெயர் ஒன்றுதான். தங்கைக்குப் பதினேழு வயது, பள்ளியில் ஐந்தாம் படிவத்தில் இருந்தாள். வருடக் கடைசியில் அவளுக்கு அரசாங்கத் தேர்வு.

காய்கறி ஏற்றிக்கொண்டு திரிங்காப்பிலிருந்து வந்த லோரி ஒன்றில் இடம் கேட்டு, பன்னிரண்டு மணிக்குத் தானா ராத்தாவில் இறங்கினோம். அப்பா வெள்ளைச் சட்டையை முழுக்கால்சட்டைக்குள் செருகியிருந்தார். இடுப்புவார் புதிதாகக் குத்திய ஓட்டையில் நின்றது. அதையும் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

உள்ளே ஜன்னலோரம் நான்கு பேர் மேசை கிடைத்தது. நான் கழிவறைக்குப் போய்விட்டு வந்தபோது மூன்று பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு மட்டும் யாரும் எதையும் கொண்டுவரவில்லை என்று அம்மாவுக்கு முகம் சுருங்கியிருந்தது. தோட்டத்துக் கோயில் விருந்தானாலும் கல்யாணமானாலும், பந்தியில் உட்கார்ந்தால் வாளியோடு ஆள் வரும். உட்கார்ந்தவர் எழுந்துபோய்ச் சோறு எடுப்பது எங்களிடம் கிடையாது. அந்தப் பக்கம் வந்த பணியாளர் தமிழர் என்று கண்டுகொண்டு அம்மா கேட்டார்.

"தம்பி, பரிமாற யாரும் வரமாட்டாங்களா?"

"இங்க அவங்கவங்களே எடுத்துக்கணும்மா. எத்தன தடவ வேணும்னாலும் போலாம் லா, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

அவர் போனதும் அம்மா, ஆம்பளையைத் தட்டேந்தி வரிசையில் நிற்க வைக்கும் ஊரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அப்பாவை எழுந்திருக்கவே விடவில்லை. வீட்டில் அவர்தான் அப்பாவுக்குப் போடுவார், இங்கேயும் அவரே போடுவதாகச் சொல்லிவிட்டார். எனக்கு அதில் தவறாக எதுவும் தெரியவில்லை. அம்மா மாட்டிறைச்சி இருக்குமோ என்று பயந்ததால், நான் முன்னால் போய்ப் பாத்திரங்களைப் பார்த்துச் சின்னக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதி வந்தேன். எதையும் எழுதாமல் எனக்குச் சரியாக வராது. மொத்தம் இருபத்தியொன்று. அவற்றில் மாட்டிறைச்சி இரண்டு. அந்த இரண்டுக்கும் பக்கத்தில் இருந்த பாத்திரத்தையும் அம்மா விலக்கிவிட்டார். கரண்டி மாறியிருக்கலாம் என்பது அவர் கணக்கு.

அம்மா அப்பாவின் தட்டை நிரப்பிக்கொண்டு வந்தார். வறுத்த சோறு, கோழிக்கறி, பொரித்த கோழிக்கால், இறால் சம்பல், முட்டைக்கோசு. தட்டின் விளிம்பு தெரியவில்லை. அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு, "நானே போயி வேற ஏதாச்சும் பாத்துட்டு வரேன்," என்று எழுந்தார். அப்பா தன் சாப்பாட்டைத் தானே எடுத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

காளான் சூப் கொண்டுவந்தார். குடித்தார். மறுபடியும் போய் அதையே கொண்டுவந்தார். மூன்றாவது தடவை ஒரு ரொட்டியும் எடுத்து வந்தார்.

"அப்பா சூப்பு சட்டியையே காலி பண்ணப் போறாரு," என்றாள் தங்கை.

அம்மாவும் சிரித்தார். இறால் சீந்துவாரில்லாமல் கிடக்கிறது, இவர் தண்ணியைக் குடித்து வயிற்றை நிரப்புகிறார் என்று குறைபட்டுக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. அப்பா ரொட்டியைச் சூப்பில் ஊறப்போட்டு, கூழாகும்வரை காத்திருந்து, ஒரு கரண்டி வாயில் வைத்தார். வெகு நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு துடைக்கும் துணியை வாய்க்குக் கொண்டுபோனார். துணி மடியில் இறங்கியபோது அதற்குள் ஏதோ இருந்தது.

ஒரு கருவி பழுதானால், எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று இரண்டு வரிசையாக எழுது என்பதுதான் கல்லூரியில் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம். காரணத்தை ஊகிக்காதே, எழுதிவிட்டுப் பார் என்பார்கள். மாட்டிறைச்சிப் பட்டியலுக்கு அடுத்த பக்கத்தில் எழுதினேன். இறங்குபவை: சூப், பால் புட்டிங் (நான்காவது தடவை அதைத்தான் எடுத்து வந்தார்), தேநீர். இறங்காதவை: சோறு, கோழி, ஊறிய ரொட்டி. எழுதி முடிக்கும் முன்பே அம்மா சொன்ன மூன்று சேதிகளும் ஒன்றாகிவிட்டன. வீட்டில் அப்பா கடைசியாக, தனியாகத்தான் சாப்பிடுவார். வேலை முடிந்து அவர் வருவதற்குள் நாங்கள் முடித்திருப்போம். அவர் கஞ்சி போதும் என்றாலும் அம்மா சோறு போட்டு மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போவார். காலையில் தட்டு காலியாக இருக்கும். அவர் என்ன சாப்பிடுகிறார் என்று யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. இருபத்தியொரு பாத்திரங்களுக்கு முன்னால் அவரையே எடுத்துக்கொள்ளச் சொன்னபோதுதான் அது தெரிந்தது.

தங்கையும் அம்மாவும் பழம் எடுக்கப் போனார்கள். நான் மெதுவாகக் கேட்டேன்.

"சோறு எப்ப இருந்துப்பா எறங்கல?"

பல்வலி என்றார். பல்வலிக்காரர் கூழான ரொட்டியைத் துப்பமாட்டார் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மூடுபனி சாலைவரை இறங்கியிருந்தது.

"பொங்கலுக்கு அப்புறம். மொதல்ல கறி நின்னுச்சு. அப்புறம் சோறு. இப்ப தண்ணியா இருந்தாத்தான் போவுது."

மிச்சத்தை நான் கேட்கக் கேட்கச் சொன்னார். மதியச் சோற்றைத் தேயிலைச் செடிக்கு அடியில் கொட்டிவிடுவாராம். இரவுச் சோறு பின்கட்டுக் கோழிகளுக்கு. தோட்டத்து மருந்தகத்தின் டிரசர் முதலில் வயிற்றுப்புண்ணுக்கு வெள்ளை மருந்து கொடுத்திருக்கிறார். இரண்டாவது தடவை போனபோது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார். அப்பா வேண்டாமென்று வந்துவிட்டார்.

"எழுதிக் குடுத்தா வேலைக்கு ஆவமாட்டான்னு போட்டுருவாங்க. பேரு போச்சுன்னா வீடு போச்சு. சின்னவ பரிச்ச எழுதற வரைக்கும் தாட்டிடலாம்னு பாக்கறேன். நீ அம்மாகிட்ட வாயத் தொறக்காத."

தேர்வுக்கு ஆறு மாதம் இருந்தது. கறி நின்று, சோறு நின்று, ரொட்டி நிற்க நான்கு மாதம் ஆகியிருந்தது. அடுத்து நிற்கப்போவது சூப். அது ஆறு மாதம் தாங்காது என்பதற்குப் பென்சில் தேவைப்படவில்லை. ஆனால் அவர் சொன்னதும் பொய்யில்லை. வீடு போனால் அம்மாவுக்கும் தங்கைக்கும் போக வேறு இடமில்லை. ஈப்போவில் நான் மூன்று பெண்களோடு ஓர் அறையில் இருந்தேன். உண்மையைச் சொன்னால், சரி என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன்.

அதற்குள் அம்மா தர்ப்பூசணித் துண்டுகளோடு வந்துவிட்டார். அப்பாவின் முன்னால் இருந்த தட்டைப் பார்த்து நின்றார்.

"என்னாங்க இது, வெச்சது வெச்சபடி இருக்கு? ஆளுங்க பாக்கறாங்க. ரெண்டு வாயாவது பசியாறுங்க."

அம்மா போட்டதை மீதி வைப்பது என்பது அப்பாவுக்கு அம்மாவை நாலு பேர் முன்னால் குறை சொல்வது மாதிரி. அவர் ஒரு கோழித்துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கழுத்தில் நரம்பு எழும்பியது, கண்ணில் நீர் கோத்தது. அம்மா காரமா என்று கேட்டுக்கொண்டே தண்ணீரைத் தள்ளி வைத்தார். தண்ணீரும் இறங்கவில்லை. இரண்டும் துணிக்குள் திரும்பி வந்தன. அப்போது நான் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அப்பாவுக்குத் தொண்ட அடச்சிருக்கு. நாலு மாசமா சோறு எறங்கல."

அப்பா என்னைத் திட்டவில்லை. தலை குனிந்துகொண்டார். அம்மா கையில் பழத்தட்டோடு நின்றுகொண்டே இருந்தார். தங்கை அதை வாங்கி மேசையில் வைத்தாள்.

"நாலு மாசமா நாந்தான போட்டேன்," என்றார் அம்மா. யாரிடம் என்று தெரியவில்லை.

பிறகு உட்கார்ந்தார். நான் வீட்டு விஷயத்தைச் சொன்னேன், டிரசர் சொன்னதைச் சொன்னேன், சுருக்கமாக, ஒன்று விடாமல். கேட்டு முடித்ததும் அம்மா அப்பாவைப் பார்த்துப் பேசினார்.

"வீட்ட நான் பாத்துக்கறேன். நாளைக்கே கிராணிகிட்ட போயி எம் பேரப் போடச் சொல்றேன். கால் வலிச்சா வலிக்கட்டும். நீங்க எந்திரிங்க."

நாளைக்குப் பெரட்டு இருக்கிறது என்றார் அப்பா. இருக்கட்டும் என்றார் அம்மா. அப்பா எழுந்தார். அந்தத் தட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தோம். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். தூறலில் அப்பா முன்னால் நடந்தார், அம்மா அவருக்கு அரையடி பின்னால். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரு மருத்துவர்தான் இருந்தார். அவர் அப்பாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், நான் எழுதிய பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார், அன்றைக்கே படுக்கையில் சேர்த்துக்கொண்டார். புதன்கிழமை ஈப்போவுக்கு அனுப்பினார்கள்.

அம்மா சொன்னபடியே செய்தார். சரிவில் ஏறிக் கொழுந்தெடுக்க அவரால் முடியாது என்று கிராணி முதலில் மறுத்தார். அம்மா அலுவலக வாசலிலேயே நின்றிருக்கிறார். கடைசியில் தொழிற்சாலையில் உட்கார்ந்து தேயிலையில் காம்பு பொறுக்கும் வேலையில் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். வீடு நின்றது. தங்கை அந்த வீட்டிலிருந்தே போய்த் தேர்வு எழுதினாள். கடைசித் தாள் எழுதிவிட்டு வந்து, வயிற்றில் போட்டிருந்த குழாய் வழியாகப் பாலை ஏற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம் நன்றாக எழுதியதாகச் சொன்னாள். அடுத்த பொங்கலுக்கு அப்பா இல்லை.

ஈப்போ ஆஸ்பத்திரியில் முதல் வாரம், சோதனை முடிவுகளைச் சொல்ல மருத்துவர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கேட்க வேண்டியவற்றை ஒன்பது கேள்விகளாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். எட்டைக் கேட்டேன். ஒன்பதாவதைக் கேட்கலாமா என்று யோசித்து, கேட்டேன். பொங்கல் கழிந்ததுமே அழைத்து வந்திருந்தால்? அவர் நேராகவே சொன்னார். அப்போது கட்டியை வெட்டி எடுத்திருக்கலாம், இப்போது வெட்ட இடமில்லை.

வெளியே பெஞ்சில் அம்மா காத்திருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். அப்பாவை எந்த வார்டுக்கு மாற்றுகிறார்கள், எத்தனை மணிக்குப் பார்க்க விடுவார்கள் என்பதை வரிசையாகச் சொன்னேன்.